விழுந்த கையும் மூளையின் குழைமையும்

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ, அக்குழாயை நம்பியிருந்த நரம்பணுக்கள் சில நிமிஷங்களிலேயே மடியத் தொடங்குகின்றன. பெருமூளையின் இடப்பக்கத்தில் இது நேர்ந்தால் உடலின் வலக்கையும் வலக்காலும், வலப்பக்கத்தில் நேர்ந்தால் இடக்கையும் இடக்காலும் செயலிழக்கின்றன. இதனையே பக்கவாதம் என்றும் பாரிசவாயு என்றும் வழங்குகிறோம். மடிந்த நரம்பணுக்களின் இடத்தைப் புதிய அணுக்கள் வந்து நிரப்புவதில்லை. ஆயினும் நோயாளிகளுள் பலருக்குச் சில வாரங்களில் கை கால்கள் ஓரளவு இயங்கத் தொடங்குகின்றன. அழிந்த பகுதி மீளாதிருக்க, இயக்கம் மட்டும் எவ்வாறு மீள்கிறது?

இதில் ஒரு பங்கு எளிதில் விளங்கக்கூடியது. புண்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள வீக்கம் வடிகிறது; மடியாமல் மயங்கிக் கிடந்த அணுக்கள் மீண்டும் வேலை செய்கின்றன. மற்றொரு பங்கு, எஞ்சிய மூளை தன் இணைப்புகளைத் திருத்தி அமைத்துக்கொள்வதால் உண்டாவது. ஆங்கிலத்தில் பிளாஸ்டிசிட்டி எனப்படும் இத்தன்மையை இக்கட்டுரையில் குழைமை என்று குறிப்பிடுகிறோம். நெகிழ்ச்சி என்று எழுதுவாரும் உளர். ஆனால் ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். குயவன் கையிலுள்ள களிமண்ணோ கொடுத்த வடிவத்தை வைத்துக்கொள்ளும். மூலமாகிய கிரேக்கச் சொல்லும் மண்ணை வனைதலையே குறிப்பது. இந்த வேற்றுமை வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நல்ல வடிவத்தை ஏற்கும் மண் கோணலான வடிவத்தையும் ஏற்கும். மூளையின் நிலையும் அதுவே.

1895-ல் மாட், ஷெரிங்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானிகள் இருவர், குரங்கின் ஒரு கையிலிருந்து தொடுவுணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களை மட்டும் அறுத்துப் பார்த்தனர். தசைகளை இயக்கும் நரம்புகள் பழுதின்றியே இருந்தன. இருந்தும் குரங்கு அக்கையைப் பிறகு பயன்படுத்தவே இல்லை. உணர்ச்சி இன்றேல் தானே விரும்பிச் செய்யும் இயக்கமும் இல்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். இக்கருத்து நெடுங்காலம் நிலைத்திருந்தது.

பிற்காலத்தில் அமெரிக்கரான எட்வர்ட் டாப் இச்சோதனையைச் சற்று மாற்றிச் செய்தார். குரங்கின் நல்ல கையைக் கட்டிவைத்தபோது, உணர்ச்சியற்ற கையாலேயே அது உணவை எடுக்கத் தலைப்பட்டது. கை இயங்க வல்லதாகவே இருந்திருக்கிறது. குரங்குதான் அதனைக் கைவிட்டிருக்கிறது. காரணத்தை டாப் பின்வருமாறு விளக்கினார். அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களில் அந்தக் கை உண்மையாகவே இயங்காது. குரங்கு முயல்கிறது, தோற்கிறது, மற்ற மூன்று அங்கங்களைக் கொண்டு காலந்தள்ளக் கற்றுக்கொள்கிறது. பின்னர் ஆற்றல் திரும்பினாலும், முயலாமை என்னும் பழக்கம் அதற்குள் வேரூன்றிவிடுகிறது. இதற்குக் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்பது பெயர். 1917-லேயே ஆக்டன், ஃபிரான்ஸ் என்ற இருவர், மூளையைப் புண்படுத்திப் பக்கவாதம் உண்டாக்கிய குரங்குகளின் நல்ல கையைக் கட்டிப் பயிற்சி அளித்து, இயக்கம் மீள்வதைக் கண்டிருந்தனர். அம்முடிவைப் பல்லாண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை.

இவ்வறிவின் பின்னே குரங்குகள் பட்ட துன்பத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 1981-ல் மேரிலாந்து மாநிலத்துச் சில்வர் ஸ்பிரிங்கிலிருந்த டாபின் ஆய்வுக்கூடத்துக் குரங்குகளைப் போலீஸார் கைப்பற்றினர். அவர் மீதான தீர்ப்பு மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. ஆயினும் அந்நாட்டு விலங்கு நலச் சட்டம் 1985-ல் திருத்தப்படுவதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று.

பழக்கம் மூளையில் எவ்வாறு பதிகிறது என்பதை ராண்டால்ஃப் நூடோவும் அவர் குழுவினரும் 1996-ல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. குரங்கின் மூளையில் விரல்களை இயக்கும் பரப்பில் ஒரு சிறு பகுதியை அவர்கள் அழித்தனர். பயிற்சி பெறாத குரங்குகளில், புண்படாத அண்டைப் பகுதியிலும் விரல்களுக்குரிய பரப்பு சுருங்கியது. சிறு குழிகளிலிருந்து உணவை விரலால் எடுக்கப் பயிற்றப்பட்ட குரங்குகளில் அச்சுருக்கம் தடுக்கப்பட்டது; சிலவற்றில் முன்பு முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாயிருந்த இடத்தையும் விரல்கள் பெற்றன. நோய் எடுத்துக்கொண்டது ஒரு பங்கு. பயன்படுத்தாமை எடுத்துக்கொள்வது மற்றொரு பங்கு. அதே குழுவினர் 2000-ல் வெளியிட்ட சோதனையில், பெரிய குழியிலிருந்து எளிதாக எடுக்கும் வேலையை எத்தனை முறை செய்தபோதிலும் அப்பரப்பு மாறவில்லை. மூளை திருந்துவதற்குச் சற்றுக் கடினமான, புதிதாகக் கற்க வேண்டிய வேலை தேவை.

மனிதர்களுக்கு இம்முறை பயன்படுமா என்பது 2006-ல் வெளியான ஒரு பெரிய சோதனையால் தெளிவாயிற்று. அமெரிக்காவில், பக்கவாதம் கண்டு 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேர் அதில் பங்குகொண்டனர். ஒரு பிரிவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியும் நல்ல கையில் தடித்த உறை அணிந்து, வார நாட்களில் நாளொன்றுக்கு 6 மணி நேரம் வரை பழுதுற்ற கையால் வேலைகளைப் பயின்றனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் கை நன்றாக முன்னேறியது. ஓராண்டுக்குப் பின்னும் அப்பயன் நிலைத்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நீட்ட இயன்றவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். முற்றிலும் அசையாத கைக்கு இம்முறை பொருந்தாது.

பயிற்சியின் அளவும் முக்கியம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை நேரம் ஒவ்வொன்றிலும் நோயாளிகள் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 என்று கண்டனர். விலங்குச் சோதனைகளிலோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் அசைவுகள் செய்யப்படுகின்றன. அவ்வளவு நேரம் உடனிருக்கப் பயிற்சியாளர் எந்த ஊரிலும் கிடைப்பது அரிது. எனவே குடும்பத்தாரிடமே பயிற்சியை ஒப்படைக்கலாம் என்று எண்ணி, இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. அதன் முடிவு 2017-ல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு பிரிவுகளிலும் 47 சதவீதமே. இது உற்சாகம் தரும் செய்தியன்று. ஆயினும் நம் ஊழியர்கள் அறிய வேண்டியது. குடும்பத்தாருக்குச் சில நாள் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்று கருதலாகாது. இதைக்கொண்டு குடும்பத்தாரால் பயனில்லை என்று கொள்வதும் தவறு.

வேகமும் ஆபத்தாகலாம். 2,104 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2015-ல் வெளியான சோதனையில், நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நெடுநேரம் நடமாட வைக்கப்பட்டவர்கள் மூன்று மாதத்துக்குப் பின் மற்றவர்களைவிடக் குறைந்த நலமே பெற்றிருந்தனர். பயிற்சி தொடங்கும் நாளை மருத்துவரே குறிக்க வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்குவது எக்காலத்தும் கூடாது. தளர்ந்த தோள்மூட்டு நழுவி, தீராத வலி உண்டாகும்.

இனி வீட்டு வழக்கத்தைப் பார்ப்போம். வலக்கை விழுந்தவர் இடக்கையால் உண்பதை நம் குடும்பங்களில் பலரும் ஒவ்வாததாகக் கருதுவதால், மனைவியோ மகளோ சோறு ஊட்டிவிடுகின்றனர். அன்பினால் செய்வதே அது. எனினும் அசையத் தொடங்கிய விரல்களுக்கு நாள்தோறும் கிடைக்கக்கூடிய பயிற்சி அதனால் பறிபோகிறது. விழுங்குவதில் இடர் இல்லை என்று மருத்துவர் கூறியபின், முதல் சில கவளங்களையேனும் நோயாளி தாமே எடுக்கட்டும், சிந்தினால் சிந்தட்டும். ஊழியர் வீட்டுக்குச் செல்லும்போது 'கை எப்படி இருக்கிறது?' என்று கேட்பதைவிட, 'இன்று அந்தக் கையால் என்னென்ன செய்தீர்கள்?' என்று கேட்பது நலம். நல்ல கையில் கோலூன்றி நடப்பவர் நடக்கும்போது அக்கையில் உறை அணியலாகாது.

பிறவியிலோ சிறு வயதிலோ ஒருபக்க முடக்கம் கண்ட குழந்தைகள் பள்ளிகளில் உள்ளனர். அவர்களுள் சிலர் தம் கையை மடியில் மறைத்து வைத்துக்கொள்வதை ஆசிரியர்கள் கண்டிருக்கலாம். அதனைக் கண்டிப்பதால் பயனில்லை. நல்ல கையை ஆசிரியரே கட்டிவைத்தலும் தவறு. அது இயன்முறைச் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது. இரு கைகளும் சேர்ந்து செய்தாலன்றி முடியாத வேலைகளைத் தருவதும் குழந்தைகளுக்கு அம்முறைக்கு ஈடான பயனை அளிப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அளவுகோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கோடு இழுத்தல், உணவு டப்பாவின் மூடியைத் திறத்தல், காகிதம் மடித்தல், பூத்தொடுத்தல் ஆகியவை அத்தகையன. அக்குழந்தைக்கு மற்றவர்களைவிட இரு மடங்கு நேரம் ஆகும். மணி அடித்துவிட்டாலும் மூடியை அதுவே திறந்து முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.