மடக்கு செட் வாங்கலாமா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பேனாக்கத்தி மாதிரி மடங்குகிற அந்தப் பூட்டுத் திறக்கும் செட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். சட்டைப் பையில் அடங்குகிறது, ஐந்தாறு கம்பியும் ஒரே பிடிக்குள் இருக்கிறது, விலையும் அதிகமில்லை என்கிறாய். எல்லாம் சரிதான். ஆனாலும் முதல் செட்டாக அதை வாங்காதே. ஏன் என்று விளங்க, பூட்டுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

நீ இருக்கும் இங்கிலாந்தில் பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் இருப்பது, லைனஸ் யேல் ஜூனியர் 1861இல் காப்புரிமை பெற்ற பின் பூட்டின் வாரிசுதான். சாவி நுழையும் உருளையில் ஐந்தாறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், அவற்றை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். சரியான சாவி போனால் எல்லா ஜோடிகளும் உருளையின் விளிம்பில் பிரிந்து நிற்கும், உருளை சுழலும். எந்த ஆலையிலும் அந்தத் துளைகளை மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் போட முடியாது. அதனால்தான் சாவி இல்லாமலும் பூட்டு திறக்கிறது. டென்ஷன் கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அது எது என்று தடவிக் கண்டுபிடித்து, பிக் என்கிற கம்பியின் நுனியால் மெல்லத் தூக்கினால் ஒரு சின்ன ‘டிக்’. உருளை துளியூண்டு நகரும், அடுத்த பின் இறுகும்.

அந்த ‘டிக்’ காதைவிட விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும். மடக்கு செட்டின் பெரிய குறை இங்கேதான். தனி பிக் என்றால் நுனியில் நடப்பது நேரே விரலுக்கு வந்துவிடும். மடக்கு செட்டிலோ நடுவில் ஒரு மூட்டு, அதற்குப் பின்னால் தடித்த பிடி. அந்த மூட்டின் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தால், பின்னைத் தூக்கும்போது பிக்கும் மூட்டில் ஆடும். அசைந்தது பின்னா, மூட்டா என்று பழகாத கையால் பிரித்தறிய முடியாது. சரி, இறுக்கிவிடலாம் என்றால், நகத்தால் பிக்கை வெளியே இழுக்கவே முடியாமல் போகும். பல செட்டுகளில் ஒரே ஸ்க்ரூதான் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. போதாததற்கு, பிடியின் அகலம் கதவு நிலையிலோ கைப்பிடிக் குமிழிலோ இடிக்கும். டென்ஷன் கம்பியைப் பிடித்திருக்கும் மறுகை விரலிலும் மோதும்.

இந்த வேலையில் பாதிக்கு மேல் டென்ஷன் கம்பிதான் என்பேன். மடக்கு செட்டோடு வருவது பெரும்பாலும் ஒன்றுதான். அது மற்றவற்றைப் போல மடங்காது. பிடியின் பக்கத்தில் செருகியிருக்கும், தனியே கழற்றி எடுக்க வேண்டும். அது தொலைந்தால் மீதி ஐந்தும் வீண். அந்த ஒன்றும் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. சாவித்துளைக்குச் சாவித்துளை அகலம் மாறும். துளையின் மேல்விளிம்பில் வைக்கிற கம்பி வேறு, கீழே வைக்கிற கம்பி வேறு. ஐரோப்பியப் பூட்டுகள் பலவற்றில் சாவித்துளை குறுகலானது, அங்கே 0.6 மில்லிமீட்டர் பிக் உரசி நின்றுவிடும், இன்னும் மெல்லியது வேண்டும். மடக்கு செட்டில் அந்தத் தேர்வுக்கு இடமே இல்லை.

வசதியும் இல்லாமல் இல்லை. கூரிய நுனிகள் உள்ளே மடங்கிவிடுவதால் பையைக் கிழிக்காது, விரலைக் குத்தாது, வளையாது. தனித்தனி பிக்குகள் பையின் அடியில் சிதறுவதுபோல் இது சிதறாது. மெல்லிய கம்பியை நெடுநேரம் பிடித்தால் விரல் வலிக்கிறவர்களுக்குத் தடித்த பிடி ஆறுதல். வண்டியில் அவசரத்துக்கு ஒன்று போட்டு வைத்திருக்கும் பூட்டுத் தொழிலாளிக்கு இது நல்ல சாமான்தான். அவர் கை ஏற்கெனவே பழகிய கை.

கருவி ஆடாமல் நிற்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை. லண்டன் பிக்காடிலியில் பிராமா கம்பெனியின் கடை ஜன்னலில் 1790 முதல் ஒரு பூட்டு இருந்தது. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்திருந்தார்கள். அறுபது ஆண்டு ஒருவராலும் முடியவில்லை. 1851இல் அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் திறந்தார். 16 நாளில், மொத்தம் 51 மணி நேரம். பூட்டு பொருத்தியிருந்த மரத்திலேயே தன் கருவியைத் திருகி அசையாமல் நிறுத்திக்கொண்டுதான் வேலை செய்தார். அழுத்தம் சீராக நிற்பதற்கு அவர் கொடுத்த மதிப்பு அவ்வளவு. நீயும் பூட்டை மேசை வைஸில் பொருத்திப் பழகு. அங்கே சட்டைப் பையில் அடங்கும் கருவிக்குத் தேவையே இல்லை.

இன்னொன்று. லீவுக்கு வரும்போது நம் திண்டுக்கல் வீட்டுப் பூட்டில் முயன்று பார்க்கலாம் என்று நினைத்து இதை வாங்காதே. அது லீவர் பூட்டு. உள்ளே பின் கிடையாது, தகடுகள்தான். இந்த பிக்குகளின் வடிவம் அதற்கானதல்ல.

சட்டத்தையும் மறந்துவிடாதே. இங்கிலாந்தில் பிக் வைத்திருப்பது மட்டும் குற்றமில்லை. ஆனால் திருடும் நோக்கத்தோடு அப்படிப்பட்ட கருவியை வீட்டுக்கு வெளியே வைத்திருந்தால் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு பாயும். உனக்கு அந்த நோக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். இரவில் உன்னை நிறுத்தும் போலீஸ்காரருக்குத் தெரியாது. ஜப்பானில் 2003 முதல், தொழில் போன்ற தக்க காரணமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். எங்கும் எடுத்துப் போகலாம் என்பதுதான் மடக்கு செட்டின் கவர்ச்சி. எனக்குப் பயமும் அதில்தான். பூட்டு உன்னுடையதாக இருக்க வேண்டும், அல்லது சொந்தக்காரர் வாயால் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். சொந்தப் பூட்டே ஆனாலும் தினம் பயன்படுத்துகிற கதவில் பழகாதே. ஒரு பின் சிக்கிக்கொண்டால் நீ வெளியே நிற்க வேண்டியதுதான்.

இப்போதைக்கு இரண்டு கொக்கி பிக், வெவ்வேறு தடிமனில் நான்கைந்து டென்ஷன் கம்பி, பின்களைக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பயிற்சிப் பூட்டு, இவ்வளவு போதும். முதலில் இரண்டு பின் மட்டும் போட்டுத் திற. கை பழகியதும் ஒவ்வொன்றாகக் கூட்டு. பூட்டை வாங்கியதும் சாவித்துளை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எந்த அகலத்தில் கம்பி வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா