“நில்லுங்க”ன்னு சொல்ல ஒருத்தர் வேணும்

பாடம்: கட்டிட வேலையில் பாதுகாப்பு (மேஸ்திரி, மேற்பார்வையாளர் ஆகப்போகும் சகோதரிகளுக்கு)



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து அக்காக்களுக்கு அய்யனார் கோவிலைப் பற்றிப் புதுசாச் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரத்தில், ஆத்தைக் கடந்து போய்க் கும்பிடுகிற கோவில். இங்கே சுள்ளுன்னு வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை பெய்யும். கணுக்கால் அளவு ஓடின தண்ணி கொஞ்ச நேரத்தில் ஆளை இழுக்கிற வெள்ளமாகிவிடும். சாமி கும்பிடப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டு, தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்டுக் கொண்டுவந்தது பல தடவை நடந்திருக்கிறது. அதனால் மழை நாளில் வனத்துறைக்காரர்கள் “இன்னைக்குப் போகக்கூடாது” என்று தடுத்துவிடுவார்கள். பொங்கல் சாமானோடு போன நமக்குக் கோபம் வரும். ஆனாலும் திரும்பி வந்துவிடுகிறோம்.

கட்டிட வேலையில் அப்படித் தடுக்கிற ஆள் யார்? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

மூணு பேருக்கும் தெரியும்

எங்கள் பக்கத்துக் குழுவில் சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா ஒருத்தர். ஒரு நாள் சாரத்தில் நின்று சாந்துச் சட்டி வாங்கிக் கொடுக்கும்போது பலகை நழுவி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆறு மாதம் வேலை இல்லை. அவர் தவணையைக் குழுவே சேர்ந்து கட்டியது.

பிறகு கூட்டத்தில் அவர் சொன்னார்: “பலகை ஆடுதுன்னு காலையிலேயே தெரியும். சொன்னா நாளைக்கு வேலைக்கு வராதேன்னுருவாரோன்னு பயந்து சொல்லலை.” மேஸ்திரியைக் கேட்டோம். “எனக்கும் தெரியும்மா. சாயங்காலத்துக்குள்ள பூச்சு முடிக்கச் சொல்லி ஒரே அவசரம்.” கட்டிடக்காரருக்கும் தெரியும். “மேஸ்திரி பாத்துக்குவார்னு இருந்தேன்” என்றார்.

மூணு பேருக்கும் தெரிந்திருந்தும் ஒருத்தரும் “நில்லுங்க” என்று சொல்லவில்லை. ஒரு பலகையைக் கயிறு போட்டுக் கட்ட அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்.

மேற்பார்வை நமக்கு எதுக்கு?

“நாங்க சித்தாளுதானே, மேற்பார்வைப் பாடம் எதுக்கு?” என்று கேட்பீர்கள். 2005-ம் வருஷச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக நின்று ஆள் கணக்கு, அளவு, தண்ணீர், நிழல் எல்லாம் பார்த்தவர்கள் நம் சகோதரிகள்தான். ஜார்க்கண்ட் மாநிலத்தில் கிராமக் கழிப்பறைகளைக் கட்டப் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கினார்கள். அவர்களுக்கு அங்கே “ராணி மிஸ்திரி” என்று பேர். சித்தாள் காலமெல்லாம் சித்தாளாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொந்த வீடு கட்டுகிற எந்தச் சகோதரியும் அந்த வேலைக்கு ஒரு மேற்பார்வையாளர்தான்.

பாடம் 1: காலையில் பத்து நிமிஷம்

வேலை தொடங்கும் முன் எல்லாரையும் ஒரு இடத்தில் கூட்டி நிறுத்துங்கள். மூன்று கேள்வி போதும்.

• இன்னைக்கு என்ன வேலை?
• அதில் யாருக்கு, எப்படி அடிபடலாம்?
• அதைத் தடுக்க இப்பவே என்ன செய்யணும்?

புதுசா வந்த ஆளையும் வடமாநிலத்துத் தம்பிகளையும் விட்டுவிடாதீர்கள். பாஷை புரியாவிட்டால் கையால் செய்து காட்டுங்கள். சித்தாளைக் கட்டாயம் பேசச் சொல்லுங்கள். பலகை ஆடுவது அதில் நிற்கிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு முக்கியமான வரிசையையும் நினைவில் வையுங்கள். முதலில் ஆபத்தையே எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் தடுப்புக் கட்டுங்கள். கடைசியில்தான் தலைக்கவசம், பூட்ஸ், பெல்ட். தலைக்கவசம் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் விபத்து நடக்கிறது.

பாடம் 2: உயிரை எடுக்கும் ஐந்து இடங்கள்

சாரம்: சவுக்குக் கம்பு உளுத்திருக்கிறதா, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மழை பெய்தால் மறுபடி பாருங்கள். பலகையின் இரண்டு முனையும் கட்டியிருக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் குறுக்குக் கம்பு வேண்டும். டிரம்மையும் செங்கலையும் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு நிற்கக் கூடாது. ஏணியை நாலடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் சுவரிலிருந்து தள்ளிச் சாய்த்து வையுங்கள். ஏறிச் சேரும் இடத்துக்கு மேலே மூன்றடியாவது ஏணி நீட்டியிருந்தால்தான் பிடித்து இறங்க முடியும்.

வானம், குழி: ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள மண் சுமார் ஒன்றரை டன் எடை இருக்கும். இடுப்புவரை மூடினாலே ஆளை இழுத்து வெளியே எடுக்க முடியாது. ஒன்றரை மீட்டருக்கு (சுமார் 5 அடி) மேல் ஆழம் போனால் பக்கத்துக்குப் பலகை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள். தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்காமல் ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போடுங்கள். ஆழமான குழி என்றால் அதில் பாதி ஆழத்துக்குக் குறையாத தூரம் தள்ள வேண்டும். இறங்கி ஏற ஏணி இருக்கட்டும். மதியச் சோற்றைக் குழி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

தளமும் முட்டும்: தளம் போட்ட பிறகு முட்டைப் பிரிக்க அவசரப்படுவார்கள். சென்ட்ரிங் சாமான் அடுத்த வேலைக்குப் போகணும், வாடகை ஏறுது என்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி சாதா சிமெண்டுக்குக் குறைந்தபட்சக் கணக்கு இது:

• தளம், 4.5 மீட்டர் (சுமார் 15 அடி) அகலம்வரை: 7 நாள்
• தளம், அதற்கு மேல்: 14 நாள்
• பீம், 6 மீட்டர்வரை: 14 நாள்
• பீம், அதற்கு மேல்: 21 நாள்

சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் மெதுவாக இறுகும். அதற்கு இன்னும் கூடுதல் நாள் விட வேண்டும். என்ஜினியர் வந்து பார்த்துச் சொல்லாமல் ஒரு முட்டைக்கூடத் தட்டக் கூடாது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதில் நிறையப் பேர். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்து இடித்தார்கள். கட்டிடமே விழும்போது தலைக்கவசம் என்ன செய்யும்? கணக்குப் போடுவது என்ஜினியர் வேலை. அந்தக் கணக்கிலிருந்து கம்பியையோ சிமெண்டையோ நாளையோ குறைக்காமல் பார்ப்பது மேற்பார்வையாளர் வேலை.

கரண்ட்: கம்பியைத் தூக்கி நிறுத்தும்போது மேலே போகிற மின்கம்பியில் பட்டு இறந்தவர்கள் பலர். முதலில் நிமிர்ந்து மேலே பாருங்கள். வயரைத் தண்ணியில் போடாதீர்கள். ஒட்டுப்போட்ட வயர் வேண்டாம். கசிவு வந்தால் தானாக நிறுத்துகிற டிரிப்பர் (இ.எல்.சி.பி.) இல்லாத இடத்தில் கலவை மிஷினோ மோட்டாரோ ஓட்டக் கூடாது. மிஷின் பக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகி, மேலே சட்டை போட்டு, கூந்தலைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மூடிய தொட்டி: இது பலருக்குத் தெரியாது, கவனமாகக் கேளுங்கள். புதுசாக் கட்டிய செப்டிக் டேங்கிலும் தண்ணித் தொட்டியிலும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்குவார்கள். “புதுத் தொட்டிதானே, அசுத்தம் ஒண்ணும் இல்லையே” என்று நினைப்பார்கள். உள்ளே ஈரப் பலகை அழுகி, மூச்சுவிடுகிற காற்றையே தின்றிருக்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குகிற அடுத்தவரும் விழுவார். எல்லா மூடியையும் திறந்து, பல மணி நேரம் ப்ளோயர் வைத்துக் காற்றுச் செலுத்தி, கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் இறங்கலாம். கருவி இல்லையா? இறங்க வேண்டாம். மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். எல்லா விஷவாயுவையும் அது காட்டாது. சில வாயு தீப்பிடிக்கும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் 101 தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

பாடம் 3: மெதுவாக் கெடுக்கிற ஆபத்து

சுமை: பெண்கள் தனியாகத் தூக்க 1998-ல் வந்த மத்திய விதிகள் வைத்த அளவு 30 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அப்படியானால் முழு மூட்டையைச் சும்மாடு வைத்து ஒரே பெண் தலையில் ஏற்றுவது தப்பு. இரண்டு பேர் பிடியுங்கள், இல்லை தள்ளுவண்டி கேளுங்கள்.

வெயில்: 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கோடையில் வேலையை விடியக் காலையில் தொடங்கி, உச்சி வெயிலில் நிழலில் ஓய்வு கொடுங்கள். மோர், நீராகாரம், உப்புப் போட்ட கஞ்சி நல்லது. ஒருத்தர் பேச்சு குழறி, உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணி ஊற்றி விசிறி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

கழிப்பறை: இதைச் சொல்ல நமக்கே கூச்சம். ஒதுங்க இடமில்லை என்று எத்தனை அக்காக்கள் காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் வேலை பார்க்கிறார்கள்! நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் அப்படித்தான் வருகின்றன. அஸ்திவாரம் தோண்டும் முன்பே நாலு தட்டி கட்டி ஒரு கழிப்பறை. மேற்பார்வையாளர் பெண்ணாக இருந்தால் இது தானாக நினைவுக்கு வரும்.

சிமெண்டும் தூசியும்: ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். வெறுங்காலோடு கான்கிரீட்டில் நிற்க வேண்டாம், ரப்பர் பூட்ஸ் வேண்டும். கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணியில் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல், டைல்ஸ் அறுக்கும்போது தண்ணி விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பாது.

பாடம் 4: “நில்லுங்க” என்று சொல்வது எப்படி?

இதுதான் கஷ்டமான பாடம். நிறுத்தினால் கூலி போகும், முதலாளி கோபிப்பார், அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார். இந்தப் பயம் பொய்யில்லை. அதனால் வேலை தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

• ஆபத்தைப் பார்த்தால் சித்தாள் உட்பட யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம்.
• சரிசெய்கிற நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது.
• சொன்னவரைத் திட்டக் கூடாது. தப்பாகச் சொல்லியிருந்தாலும் “பார்த்ததுக்கு நன்றி” என்று சொல்லுங்கள். ஒரு தடவை திட்டினால் அடுத்த தடவை வாய் திறக்க மாட்டார்.
• என்ன குறை, யார் சொன்னது, எப்போது சரியானது என்று நோட்டில் எழுதுங்கள். தீர்மான நோட்டு எழுதிப் பழகிய நமக்கு இது கஷ்டமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டிடத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. இப்போது அது 2020-ம் வருஷத் தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பில் சேர்ந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெரிய ஆபத்து வரும்போல் இருந்தால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் சொல்லத் தொழிலாளிக்கு அதில் உரிமை இருக்கிறது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான சின்ன வீட்டு வேலைகளுக்கு இந்த விதிகளில் பல எட்டுவதில்லை. நம்ம ஊர் வேலை பெரும்பாலும் அந்த மாதிரிதான். ஆய்வாளர் வராத இடத்தில் விவரம் தெரிந்த மேஸ்திரிதான் ஆய்வாளர்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயதுவரை பதியலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு, பிரசவம், ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. “புருஷன் கார்டு இருக்கே” என்று இருந்துவிடாதீர்கள். சித்தாளும் கட்டுமானத் தொழிலாளிதான், உங்கள் பேரில் தனி அட்டை வேண்டும். இருக்கிறவர்கள் புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகுத் தண்டு கெட்டுவிடும். ஆடாமல் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். கரண்ட் அடித்தவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆஸ்பத்திரியில் “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று யார் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். வேலை இடத்தில் நடந்தது என்று பதிவானால்தான் பிறகு நஷ்ட ஈடு கேட்க முடியும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை பேர் கட்டிட வேலைக்குப் போகிறோம்? எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது?
2. ஆபத்து என்று தெரிந்தும் பேசாமல் இருந்தது உண்டா? ஏன் பேசவில்லை?
3. இந்த வருஷம் நம் உறுப்பினர் யாராவது வீடு கட்டுகிறார்களா? அங்கே சாரம், தண்ணீர், கழிப்பறை யார் பார்ப்பது?
4. மேற்பார்வை படிக்க நம் குழுவிலிருந்து யாரை அனுப்பலாம்?

விழுந்த அக்கா இப்போது கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். கனமான வேலை முடியாது. ஆனால் போன மாதம் எங்கள் குழு உறுப்பினர் வீட்டு வேலையில் அவரைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். முதல் நாள் காலையிலேயே கொத்தனாரைப் பார்த்து, “தம்பி, கொஞ்சம் நில்லுங்க, அந்தப் பலகையைக் கட்டிட்டு ஏறுங்க” என்றார். கொத்தனார் சிரித்துக்கொண்டே இறங்கிக் கயிற்றை எடுத்தார்.