பதின்மூன்று நொடி

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் பஃபலோ பில்ஸ் ரசிகர்கள் ‘13 நொடி’ என்றாலே கொதிக்கிறார்களே, ஏன்?

பதில்: கொதிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. 2022 ஜனவரி 23, பிளே-ஆஃப் ஆட்டம். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக பில்ஸ் 36–33 என முன்னிலை. மிச்சம் 13 நொடி. அந்த சீசனில் பாஸ் மூலம் மிகக் குறைந்த கெஜங்களை விட்டுக்கொடுத்த அணியே பில்ஸ்தான். அந்த அணியே கோட்டைவிட்டது. வயிற்றெரிச்சலுக்கு அது போதாதா?

ஓரக்கோடுகளையும் பின்களத்தையும் காக்கப் போய் நடுக்களத்தைத் திறந்து விட்டார்கள். எதிரணியிடம் டைம்-அவுட் இருக்கும்போது இது பெரும்பிழை. நடுவில் பந்தைப் பிடித்துவிட்டு அவர்கள் கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளலாமே! சீஃப்ஸ் குவாட்டர்பேக் மஹோம்ஸ் வீசிய பந்தில் டைரீக் ஹில் 19 கெஜம், அடுத்து டிராவிஸ் கெல்சி 25 கெஜம். பிறகு 49 கெஜ ஃபீல்டு கோல், ஆட்டம் சமம். கூடுதல் நேரத்தில் டாஸ் வென்ற சீஃப்ஸ், முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் அடித்து 42–36 என வென்றது. பில்ஸ் குவாட்டர்பேக் ஜோஷ் ஆலன் கைக்குப் பந்தே வரவில்லை.

பலர் டாஸைக் குறை சொன்னார்கள். லீகும் அந்த ஆண்டே பிளே-ஆஃப் விதியைத் திருத்தி, இரு அணிக்கும் வாய்ப்பு உறுதி என்றது. திருத்தம் நியாயமானதுதான். ஆனால் என் கோபம் டாஸ் மீதல்ல. கார்னர்பேக் ட்ரெடேவியஸ் வைட் காயத்தால் இல்லை என்பதையும் சாக்காக ஏற்கமாட்டேன். ஆளைவிடத் திட்டம்தான் சறுக்கியது. 13 நொடி மிச்சமிருந்தபோது கிக்-ஆஃபையே எண்ட்-ஸோனுக்குள் உதைத்ததில் ஒரு நொடிகூடக் கரையவில்லை!