கதவைப் பிடித்தலும் விடுத்தலும்

தூத்துக்குடிக் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்று, திறந்த கதவை அறைந்து மூடும். கிடங்கில் சுமையுடன் நுழைபவரின் விரல் நசுங்குவதும், கீல் பெயர்வதும் இதனால் நேரும். கல்லை அண்டை கொடுத்தல் போதாது; கல் நகரும், நடப்பவரின் காலையும் இடறும்.

சுவரில் ஒரு கொக்கியும் கதவில் ஒரு வளையமும் அமைப்பதே எளிய வழியாகும். வளையம் கீலுக்கு அருகில் இராமல், கதவின் வெளி விளிம்பினருகில் இருந்தால், குறைந்த பலத்தாலேயே காற்றின் விசையைத் தாங்கும். உப்புக்காற்றில் இரும்புக் கொக்கி விரைவில் துருவேறி, வேண்டிய வேளையில் கழலாது. பித்தளைக் கொக்கியே நலம். ஆனால் அதனை இரும்புத் திருகாணியால் பொருத்தலாகாது. உப்பீரத்தில் பித்தளையைத் தொட்டிருக்கும் இரும்பு வெகு சீக்கிரம் அரிக்கப்படும்.

பிடித்தலைப் போலவே விடுத்தலும் அவசியம். இக்கரையில் 1961-இல் கடைசியாக நடைபெற்ற முத்துக்குளிப்பை நினைத்தால் இது விளங்கும். கல்லின் எடையால் கடலடி சேர்ந்த குளியாள், உடனே கல்லை விட்டுவிடுவார். தோணியிலுள்ளவர் அதனை மேலே இழுத்துக்கொள்வார். பிடித்தது விடாவிடில் உயிருக்கே அபாயம்.

கப்பல்களிலும் இதே நியாயம் உண்டு. பிரயாணிக் கப்பலின் தீத்தடுப்புக் கதவுகளில், தொலைவிலிருந்து விடுவிக்க இயலாத கொக்கிகளைச் சர்வதேச விதிகள் விலக்குகின்றன. மின்காந்தம் பிடித்திருக்கும் கதவு, மின்சாரம் நின்றதும் தானே மூடித் தீயையும் புகையையும் தடுக்கும்.

ஆகவே சங்கத்தார் மாதமொருமுறை கிடங்குக் கொக்கிகளை மாட்டியும் கழற்றியும் பார்த்து எண்ணெயிடுவாராக. ஒரு கையால் கழற்ற இயலாத கொக்கியை அன்றே மாற்றுதல் நன்று.