மணியை நீதான் அடிக்க வேண்டும்: வீட்டில் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் லேத் ஓட்டியவன் நான். பத்தாம் வகுப்பையே ஷிப்ட் முடிந்து வந்து படித்து, தனித்தேர்வராகத்தான் எழுதினேன். என் பேத்தி ஒன்பதாவதோடு பள்ளியிலிருந்து நின்று வீட்டில் படிக்கத் தொடங்கியபோது, திருமழிசையில் எங்கள் தெருவே கேட்டது: "என்னாச்சு, பொண்ணு படிப்பு நின்னுபோச்சா?" அவள் இப்போது பத்தாவது தேறிவிட்டாள். அதே வழியில் கிளம்பும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பவை இவை.

1. முதலில் காகிதங்களைச் சரிசெய். பள்ளியிலிருந்து நிற்கும்போதே டி.சி.யைக் கையில் வாங்கிவிடு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், டி.சி. மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா பார். பேத்தியின் இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்தது. அதைத் திருத்தவே ஒன்றரை மாதம் அலைந்தோம்.

2. எந்தத் தேர்வு என்று முடிவு செய்துவிட்டுப் புத்தகத்தைத் திற. மாநிலப் பாடத்திட்டம்தான் வேண்டுமென்றால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழியாகத் தனித்தேர்வராக எழுதலாம். பேத்தி எடுத்தது மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஐந்து பாடங்கள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தேர்வுகள். ஒருமுறை பதிந்தால் ஐந்து வருஷம் செல்லும். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பேத்தி அக்டோபரில் இரண்டும் ஏப்ரலில் மூன்றும் எழுதினாள். பத்தாவதுக்கும் பன்னிரண்டாவது சான்றிதழுக்கும் நடுவே இரண்டு வருஷ இடைவெளி கேட்பார்கள். அதையும் கணக்கில் வை.

3. தமிழை ஒரு பாடமாக எடு. நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதினால் தமிழ்த் தகுதித் தாளில் தேறியாக வேண்டும். அந்தக் காரணம் இல்லாவிட்டாலும் எடு.

4. "அறிவு போதும், சான்றிதழ் எதற்கு" என்று நினைக்காதே. மும்பையைச் சேர்ந்த மாளவிகா ஜோஷி பள்ளியை விட்டு வீட்டில் படித்தவர். கணினி நிரல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வாங்கி, 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். அதற்கு முன் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்தது. ஆனால் ஐ.ஐ.டி.யின் கதவு திறக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்பதுதான் காரணம். அவ்வளவு திறமைக்கே அந்த நிலை. நீ சான்றிதழை விட்டுவிடாதே.

5. ஒரு கணக்கு நோட்டு போடு. வீட்டுப் படிப்பில் பெல் கிடையாது, பீரியட் கிடையாது. முதல் இரண்டு வாரம் பேத்தி காலை ஒன்பதரைக்கு எழுந்தாள். மத்தியானம் வந்தால் போன் கையில். நான் திட்டவில்லை. என் பழைய ஷிப்ட் நோட்டை எடுத்துக் காட்டினேன். அதில் எத்தனை மணி நேரம் மெஷின் முன்னால் நின்றேன் என்று இருக்காது. "40 பீஸ், 2 ரிஜெக்ட், டூல் தேய்ந்தது" என்றுதான் இருக்கும். அவளும் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு கிழித்தாள். "மூன்று மணி நேரம் கணக்கு" என்று எழுதக்கூடாது. "இருபடிச் சமன்பாடு, 12 போட்டேன், 3 தப்பு, குறி மாறிப்போகிறது" என்று எழுத வேண்டும். மறுநாள் வேலை அந்த மூன்று தப்பிலிருந்து தொடங்கும். நான்கு மாதத்தில் நோட்டு தீர்ந்தது. அதற்குப் பிறகு அவளை நான் எழுப்பியதே இல்லை.

6. தனியாகப் படிக்காதே. நம் ஊர் திருமழிசையாழ்வார், பிரம்பு வேலை செய்த திருவாளன் வீட்டில் வளர்ந்த பிள்ளை. சமணம், பௌத்தம், சைவம் என்று ஒவ்வொன்றாகக் கற்றுத் தேடியவருக்கும், கடைசியில் பேயாழ்வார் என்ற குரு வேண்டியிருந்தது என்கிறது குருபரம்பரை. கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் என்று கேட்டுத் தெளிய ஆட்களை வைத்துக்கொள். வாரம் ஒருநாள் பூந்தமல்லி நூலகம், மாதம் ஒருநாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்று கிளம்பு. பழைய பள்ளித் தோழிகளோடு சாயங்காலம் விளையாடுவதை நிறுத்தாதே.

7. இது பெற்றோருக்கு. பிள்ளை வீட்டில் இருக்கிறாளே என்று ரேஷன் கடைக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவும், விருந்தாளிக்குக் காபி போடவும் கூப்பிடாதீர்கள். பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகமாக நடக்கிறது. பள்ளியில் இருக்கும் பிள்ளையை இதற்கெல்லாம் கூப்பிட்டிருப்பீர்களா?

8. தெரு கேட்கும். ஆறு மாதம் கேட்கும். கோபப்படாதே, ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டும் இருக்காதே. ராத்திரி படுக்கும் முன் நோட்டைத் திற. அன்றைய தேதிக்கு நேரே ஒரு வரி இருந்தால், உன் படிப்பு நிற்கவில்லை.