நாய் குரைத்ததெல்லாம் திருடன் அல்ல



போன மாதம் கோலியனூர் ஒன்றியத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். குழுக் கடன் வாங்கி வீட்டிலேயே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்ப வேலை செய்யும் ஓர் அக்கா, சேமிப்பு நோட்டைக்கூட எடுக்காமல் போனை நீட்டினார்.

"மேடம், வைஃபையில தெரியாத கருவி சேர்ந்திருக்குன்னு ஒரு வாரமா மணி அடிக்குது. யாராவது உள்ள பூந்து பணத்தை எடுத்துடுவாங்களோன்னு தூக்கமே இல்ல. பையன் என்னடான்னா மணியையே நிறுத்திடலாங்கிறான்."

நிறுத்த வேண்டாம் என்றேன். வைஃபை பெட்டியில் இருக்கும் இந்தக் காவல் வசதி, வாசலில் கட்டிய நாய் மாதிரி. ஏற்கெனவே பிடிபட்ட திருட்டு முறைகளின் அடையாளம் தெரிந்தால் குரைக்கும். வீட்டு வழக்கம் மாறினாலும் குரைக்கும். திருடனுக்கும் குரைக்கும், சம்பந்தி வந்தாலும் குரைக்கும்!

மணி அடித்த நேரத்தை மூன்று நாள் நோட்டில் எழுதச் சொன்னேன். எல்லாம் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல். மகள் கல்லூரியிலிருந்து வரும் நேரம்! அவள் போனை அணைத்ததும் பட்டியலில் அந்தப் பெயரும் மறைந்தது. ஆண்ட்ராய்டில் 2019 முதலும், ஐபோனில் 2020 முதலும், போன்கள் நம் பாதுகாப்புக்காகவே தங்கள் சொந்த அடையாள எண்ணை மறைத்து வேறு எண்ணைக் காட்டுகின்றன. ரிப்பேர் கடையில் போனை முழுசாக அழித்துப் புதிதாக்கியதில் அந்த எண் மாறிவிட்டது. பழகிய போனே பெட்டிக்கு அந்நியமாகிவிட்டது. அந்த ஒரு போனுக்கு மட்டும் 'தெரிந்தது' என்று அனுமதி கொடுத்தோம். மற்ற மணியைத் தொடவில்லை.

பொய் மணி நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. சுனாமி அடித்த நாலாம் நாள், 2004 டிசம்பர் 30 அன்று, மறுபடி வருகிறது என்று மத்திய அரசின் எச்சரிக்கை வந்தது. தமிழ்நாட்டுக் கடலோரமே ஓடியது. மரக்காணம் பக்கம் சொந்தம் உள்ளவர்களைக் கேளுங்கள். அலை வரவில்லை. அதற்காக எச்சரிக்கையே வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. 2007ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். நிலநடுக்கத்தோடு கடல் மட்டக் கருவிகளையும் பார்த்தே அங்கே முடிவு சொல்கிறார்கள். 2012 ஏப்ரல் 11ல் சுமத்ரா அருகே 8.6 அளவு நிலநடுக்கம். எச்சரிக்கை கொடுத்து, கடலைக் கவனித்து, அன்றே விலக்கிக்கொண்டார்கள். பூமித்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் தண்ணீர் பெரிதாக மேலெழவில்லை. நம் நோட்டும் அப்படி ஒரு இரண்டாவது சோதனைதான்.

ஒன்று மட்டும் கவனம். திரையில் "வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று வந்தால் அது காவல் மணியே இல்லை, ஏமாற்று வேலை. பேசாதீர்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குச் சொல்லுங்கள்.

போன வாரம் அந்த அக்காவே போன் செய்தார். "மேடம், ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பேரு. எங்க போன், டிவி, பிரிண்டர் எல்லாத்தையும் அணைச்சாச்சு, அது மட்டும் நிக்குது!" இந்த முறை குரைத்ததில் நியாயம் இருந்தது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். பெட்டி வாங்கும்போதே வந்த பாஸ்வேர்டு ஒன்று தனியாக உண்டு, அதையும் மாற்றச் சொன்னேன். மறுநாள் அந்தப் பெயர் இல்லை.

பழைய பாஸ்வேர்டு எப்படி வெளியே போனது என்று கேட்டேன். வாடிக்கையாளர் வசதிக்காகப் பையன் அதை எழுதி ஜெராக்ஸ் மெஷின் மேலேயே ஒட்டி வைத்திருந்தானாம்!