நான் இல்லையா? நான் அல்லேனா?

சென்ற பருவத்தில் எங்கள் வேதியியல் சோதனைச்சாலையில் கண்ணாடிக் குடுவை ஒன்று உடைந்தது. வகுப்புத் தலைவி ஒவ்வொருத்தியையும் விசாரித்தாள். எங்களுள் ஒருத்தி, "நான் இல்லை" என்று மட்டும் கூறினாள். அவள் அவ்வேளையில் அங்கே இல்லை என்று தலைவி குறித்துக்கொண்டாள். ஆனால் அவளை அங்கே கண்டவர் நால்வர்! குடுவையை உடைக்காதவள் பொய் சொன்னவள் ஆனாள். இரண்டு நாள் அழுத பிறகே உண்மை விளங்கிற்று. அவள் சொல்ல எண்ணியது, "உடைத்தவள் நான் அல்லேன்" என்பதே.

தோழியரே, 'இல்லை' என்பது ஒரு பொருள் இருப்பதை மறுக்கும். 'அல்ல', 'அன்று' முதலியவை ஒன்று இன்னதென்பதை மறுக்கும். கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. முறுக்குக் கொம்புடைய கரிய ஆண் வெளிமானைக் கண்டால், "இது புள்ளிமான் அன்று" எனலாம். பல நின்றால், "இவை புள்ளிமான்கள் அல்ல" என வேண்டும். "இங்கே புள்ளிமான் இல்லை" என்றாலோ அது பொய்யாகிவிடும்.

'இல்லை' எளிது. வேறு, இல்லை, உண்டு ஆகிய மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூலில் பவணந்தியார் விதித்துள்ளார். மற்றதுதான் நம்மை வாட்டும்: நான் அல்லேன், நாம் அல்லோம், நீ அல்லை, நீவிர் அல்லீர், அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. 'அன்று' என்றால் அந்த நாள் என்றும் பொருள்படுவதால்தான் பலரும் அதற்கு அஞ்சி எங்கும் 'அல்ல' போடுகிறார்கள் என்று நினைக்கிறோம். பேச்சில் 'நான் இல்ல' என்பதை யாரும் தடுக்க முடியாது. எங்கள் பாட்டிமாரும் அப்படியே சொல்கிறார்கள். எழுத்தில்தான் கவனம் வேண்டும்.

மெரினாவில் 1968-ஆம் ஆண்டு முதல் சிலையாக நிற்கும் வீரமாமுனிவரை நினைத்துப் பாருங்கள். 1680-இல் இத்தாலியில் பிறந்தவர் அவர். அவர் தாய்மொழியில் வினையை மறுக்க 'நோன்' என்ற ஒரே சொல் போதும்; அது பால், எண், இடத்துக்கேற்ப மாறாது. அத்தகைய மொழியிலிருந்து வந்தவர் சூசையப்பரைப் பற்றித் தேம்பாவணி பாடி, தொன்னூல் விளக்கம் என்று நமக்கே இலக்கணமும் எழுதினார். அல்லேன், அல்லை, அல்லள் என்று எத்தனை முறை உருப்போட்டிருப்பாரோ!

இத்தாலியரும் ஓரிடத்தில் கவனிக்க வேண்டும். ஒருபோதும் என்னும் பொருளுடைய 'மாய்' வினைக்குப் பின் வந்தால், வினைக்கு முன் 'நோன்' நிற்க வேண்டும். நம் 'ஒருபோதும்' என்பதும் எதிர்மறை வினையையே நாடும். "அவள் ஒருபோதும் பொய் சொல்லாள்" என்பது சரி. "அவள் ஒருபோதும் உண்மை பேசுவாள்" என்று எங்கள் கட்டுரை ஏடுகளில் வந்ததுண்டு. அங்கே 'எப்போதும்' வேண்டும்.

இவற்றைத் திருத்தி உங்கள் தமிழாசிரியையிடம் காட்டுங்கள்: "அவர்கள் நம் பள்ளி மாணவியர் இல்லை." "நீ சோம்பேறி அல்ல." "கடிதம் எழுதியவள் நான் அன்று."